ஓரம் நனைந்த புள்ளி

புதுப்பாளையம், இரண்டாம் மாடி.
சிப்காட் காற்று இன்று இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.
ஜன்னலைச் சாத்திவிட்டு
சிலியின் ஒரு மலையுச்சியில்
பெரிய கண்ணாடியொன்று போன மாசியில் பார்த்ததை
நான் இப்போது பார்க்கிறேன்.

குறு விண்மீன் மண்டலம். பெயர் கிடையாது,
ரேஷன் கார்டு மாதிரி ஓர் எண்.
கரும்பலகையைத் துடைத்த பிறகும்
மிஞ்சி நிற்கிற சாக்பீஸ் தூசி.
அதற்குள் கோளக் கொத்து இருக்கிறதா என்று தேட வேண்டும்:
ஒன்றையொன்று விடாத
லட்சம் கிழட்டு விண்மீன்கள்.

தனி விண்மீன் என்றால் புள்ளி கூராக இருக்கும்.
கொத்து என்றால் ஓரம் கொஞ்சம் நனைந்திருக்கும்,
ஈரக்கையால் தொட்ட மையைப் போல.
கொஞ்சம் என்றால் எவ்வளவு?
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அதுவும் மார்ச்சோடு முடிகிறது.

நாற்பத்தொரு புள்ளிகள்.
பதினேழு நம் பால்வெளியைச் சேர்ந்தவை,
குறுக்கே வந்து நின்றவை.
இருபது எங்கோ பின்னாலிருக்கும் பெரிய மண்டலங்கள்,
தூரத்தால் சிறுத்தவை.
ஒன்று செயற்கைக்கோள் போன கீறல்.
மிச்சம் மூன்று.

இரண்டாவதுதான் என் செல்லம்.
நிறம், வட்டம், ஓரம் எல்லாம் பாடப்புத்தகம்.
மூன்றாவது படத்தின் விளிம்பில் கிடந்தது.
"கோளாறான பிக்சல்" என்று எழுதி வைத்தேன்.
பெர்லினிலிருந்து ஜுலைஹா,
பரங்கிப்பேட்டைப் பேச்சு இன்னும் மாறாமல்,
"கெடக்கட்டும்டி, மூணுக்கும் ஒரே செலவுதானே" என்றாள்.

நிறம் பொய் சொல்லும்.
வேகம் சொல்லாது.
மண்டலம் போகிற வேகத்திலேயே போனால்
அந்த வீட்டுப் பிள்ளை.
இல்லையென்றால் வாசலில் நிற்கும் வேற்றாள்.

இன்றிரவு நிறமாலை வந்தது.
கோப்பு பாதி இறங்கும்போது கரண்ட் போனது.

செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி மொட்டைமாடியில் நடந்தேன்.
துணி எடுக்க வந்த கீழ்வீட்டு சகாயராணி
"என்ன தேடறீங்க?" என்றாள்.
சிக்னல் என்றேன்.

தேவனாம்பட்டினத்துக்கு அப்பால்
ஏழெட்டுப் படகு விளக்குகள், நெருக்கமாக.
கொத்து மாதிரி என்று சொல்ல வாய் வந்தது.
இல்லை. விடிந்தால் அவை
ஆளுக்கொரு திசையில் போய்விடும்.
ஆயிரம் கோடி வருஷம் சேர்ந்தே கிடப்பதற்கு
எனக்கு உவமை தெரியாது.

இறங்கியது.
முதலாவது, எங்கோ பின்னால்.
இரண்டாவது, என் செல்லம், பால்வெளிக்காரி.
மூன்றாவது வினாடிக்கு இருநூற்றுப் பதினான்கு கிலோமீட்டர்.
மண்டலம் இருநூற்றுப் பதினொன்று.

"நல்ல சேதியா?"
ஆமாம்.
"யாருக்கு?"

அந்த வெளிச்சம் கிளம்பி
ஒரு கோடியே இருபது லட்சம் வருஷம் ஆகிறது.
யாருக்கு என்று உடனே சொல்ல வரவில்லை.
காற்றில் விழுந்த கிளிப்பைப் பொறுக்கி
அவள் கையில் கொடுத்தேன்.

கரண்ட் வந்ததும் கோப்பைத் திறந்தேன்.
"கோளாறான பிக்சல்" என்று நான் எழுதியதை
அழிக்கவில்லை.
பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டேன்.