கிழமைக்கு ஒருக்கா

கொப்பளித்த தண்ணி இடப்பக்கத்தால் ஒழுகிச்
சட்டையை நனைத்த காலையில்தான் தெரிந்தது,
என் முகத்தில் பாதி
எனக்குச் சொல்லாமலே வேலையை விட்டு நின்றது.
காத்துப் பிடிச்சிட்டுது என்றார்கள்.
பிறகு கசம் என்றார்கள்;
ஆறு மாதம் செம்மஞ்சளாய் மூத்திரம் போனேன்.
அதற்கும் பிறகு
முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீரெடுத்து,
நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு துணுக்கைக் கொழும்புக்கு அனுப்பி,
சார்கொய்ட் என்றார் டொக்டர் பிரணவரூபன்.
நரம்பில். மூளைக்குப் போகிற வழியெல்லாம்.

"உங்கட படையே உங்களைச் சுடுது, பிள்ளை."
பெரியாஸ்பத்திரி கிளினிக்கில், வெளியே நூறு பேர் துண்டோடு நிற்க,
நான் கேட்டேன்:
ஐயா, வேற உவமை இருந்தால் சொல்லுங்கோ.
அவர் யன்னலைப் பார்த்தார், கனநேரம்.
பிறகு மெல்ல,
"ஒடியற்கூழ் கட்டிபட்ட மாதிரி."
அது விளங்கியது.

கட்டி கரைக்க முதலில் ஸ்டீரொய்ட்.
கண்ணைத் திருப்பித் தந்தது, பொய் சொல்லக்கூடாது.
சோலைவரிக் கவுண்டரில்
ஆறும் எட்டும் மறுபடி வேறு வேறு இலக்கமாயின.
எடுத்துக்கொண்டது:
நித்திரை. இடுப்பெலும்பில் கொஞ்சம். சீனி ஏறாத இரத்தம்.
இரவு இரண்டு மணிக்குப் பாணும் சம்பலும் தின்றுவிட்டு
அலுமாரித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பேன்.
முகம் முழுநிலவாயிற்று.
"நல்லாத் தேறிட்டாய்" என்றாள்
வரி கட்ட வந்த கௌசலாதேவி.
மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

குறைக்கக் குறைக்க, பதினைந்தில்,
கோண்டாவில் சந்தியில் இரண்டு பஸ் வந்தது.
ஒன்றுதான் வந்தது.
எதில் ஏறுவதென்று தெரியாமல் இரண்டையும் விட்டேன்.

இப்போது மெதொட்ரெக்சேட்.
ஈரல் கெடலாம். வாய் புண்ணாகலாம்.
ஒரு சாதாரணக் காய்ச்சல் சாதாரணமாய் இருக்காமல் போகலாம்.
பிள்ளை கூடாது,
மருந்து விட்டபிறகும் மாதக்கணக்கில்.
எனக்கு முப்பத்தாறு.
இன்னொரு ஊசி இருக்கிறது,
ஒருமுறை ஏற்றுகிற காசுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்;
உள்ளே கசம் உறங்கினால் அதை எழுப்பியும் விடுமாம்.
ஒன்றும் எடுக்காமல் விட்டால்?
"அதுவும் ஒரு மருந்துதான்" என்றார்,
"அதுக்கும் பக்கவிளைவு இருக்கு."

துஷ்யந்தன் அப்பியாசக் கொப்பியில் நடுவே கோடு கீறி
ஒருபக்கம் நன்மை, ஒருபக்கம் தீமை என்று எழுதினான்.
படகு எஞ்சின் திருத்துகிறவன்,
எதையும் கழற்றிப் பரப்பி வைத்தால்தான் நம்புவான்.
கண், நடை, வேலை, ஞாபகம்: ஒருபக்கம்.
ஈரல், தலைமயிர், காய்ச்சல்: மறுபக்கம்.
பிள்ளை என்ற சொல்லை
கோட்டுக்கு மேலேயே எழுதிவிட்டு
பேனையை மூடினான்.
நானும் அதை அசைக்கவில்லை.

உங்கட தங்கச்சியெண்டால் என்ன செய்வீங்கள்,
டொக்டரைக் கேட்டேன்.
"என்ர தங்கச்சி நான் சொல்லிக் கேக்கிறவ இல்லை."
பாதி முகத்தால் சிரித்தேன்.
மற்றப்பாதி பிறகு வந்து சேர்ந்ததோ தெரியாது,
அவர் குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார்.
"எந்தக் கிழமையெண்டு நீங்களே சொல்லுங்கோ."

இவ்வளவு நாளில்
என்னிடம் முழுசாய் விடப்பட்டது அது ஒன்றுதான்.
வெள்ளி என்றால் விரதம். ஞாயிறு என்றால் சனம் வரும்.
செவ்வாய் என்றேன்.
செவ்வாயில் ஊரில் ஒருவரும் ஒன்றும் தொடங்கமாட்டார்கள்,
இடைஞ்சல் இருக்காது.

பெட்டியில் தாதி சிவப்பு மையால் எழுதியிருக்கிறாள்:
கிழமைக்கு ஒருக்கா. தினம் அல்ல.
அல்ல என்பதன் கீழ் இரண்டு கோடு.
நாலு மஞ்சள் குளிசை.
ஒரு கண்ணைப் பொத்தி எண்ணினேன், நாலு.
கையை எடுத்தேன், எட்டு.
மறுபடி பொத்திக்கொண்டு
செம்பை எடுத்தேன்.