நடுவிலுள்ள உடு

மாங்குளம், காணிக் கிளையின் பின்னறை.
ஜெனரேற்றருக்கு டீசல் பதினொரு மணிமட்டும்.
நாலாயிரத்துச் சொச்சம் ஸ்கான் செய்த பத்திரங்களுக்கு
விடியமுன் புதுப்பெயர் வைக்கவேண்டும்,
கொழும்பிலிருந்து யாரோ வருகிறார்களாம்.

கறுப்புத் திரையில் முதற் கட்டளை.
பனிக்கன் குளம் என்ற ஊரை அது
பனிக்கன் என்று ஓர் ஆளாகவும்
குளம் என்று ஒரு குளமாகவும் வாங்கிக்கொண்டது.
பனிக்கன்: அப்படி ஒன்று இல்லை.
குளம்: அப்படி ஒன்று இல்லை.
அம்பகாமம் பழைய றோட்டு மூன்று துண்டு,
மூன்றுக்கும் இல்லை.
ஓர் இடைவெளி கண்டால் போதும் அதற்கு,
வெட்டச் சொன்ன இடம் என்று நினைத்துவிடும்.

"வேலி போடு" என்றான் யூட் நிரஞ்சன்,
வவுனியாவில் யாருடையதோ கல்யாண வீட்டுச் சத்தத்துக்குள் நின்று.
"என்ன வேலி?"
"மேற்கோளடி."
லைன் அறுந்தது.

நான் எதையும் இறுக்கிக் கட்டுகிற ஆள்.
ஒற்றை மேற்கோள் போட்டேன்.
அது மதில். சீமெந்து மதில், மேலே போத்தல் ஓடு.
உள்ளே போனது போனபடி இருக்கும்,
டொலர் வெறும் டொலர், உடு வெறும் உடு.
பெயரை எடுத்துவா என்று அனுப்பிய டொலர்
உள்ளே போய்ச் சும்மா குந்திவிட்டது.
நானூற்றுப் பன்னிரண்டு பத்திரம்
ஒன்றை ஒன்று விழுங்கி விழுங்கி
கடைசியில் ஒரேயொரு கோப்பு.
அதன் பெயர்: பெயர்.

(பிரதி பென்ட்ரைவில் இருந்தது.
இல்லையென்றால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.)

இரட்டை மேற்கோள் முள்ளுக்கம்பி.
மாடு நிற்கும், கோழி நுழையும்.
டொலர் கோழிச் சாதி.
நுழைந்து பெயரைக் கொத்திக்கொண்டு வந்தது,
இடைவெளி குலையாமல், தலையெழுத்துப் புள்ளி சிந்தாமல்:
க. கோணாமலை, பனிக்கன் குளம்.
சரி என்றேன் திரையைப் பார்த்து, வாய்விட்டு.

செல்வபுரத்திலிருந்து வந்து குடியேறிய
டி'குரூஸைக் கையால் அடித்துத் தேடியபோதுதான் வில்லங்கம்.
அவர் பெயருக்கு நடுவில் ஒரு மதில் தொடங்குகிறது,
முடியவில்லை.
திரை > என்று வாயைத் திறந்தபடி நின்றது.
நிறுத்து என்று அடித்தேன். உதவி என்று அடித்தேன்.
ஒரு கெட்டவார்த்தையும் அடித்தேன்.
எல்லாம் டி'குரூஸின் பெயரின் மிச்சம் என்றே
அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.
பிறகு ஞாபகம் வந்தது, பின்சாய்கோடு:
பின்னால் வருகிற ஒற்றை எழுத்துக்கு மட்டும் பிடிக்கும் குடை.

அடுத்தது உடு.
சில பெயர்களின் ஓரத்தில் ஒரு * இருந்தது.
வைத்தவர் எனக்கு முந்தி இந்தக் கதிரையில் இருந்த திருநாமம்,
இப்போது மன்னாரில்.
உடு உள்ளவர்களை மட்டும் காட்டு என்றேன்,
நாலாயிரம் பேரும் வந்து நின்றார்கள்.
மதிலுக்கு வெளியே நிற்கிற உடு
அதன் பாஷையில் எல்லாரும்.

*'*'*

முதலாவது யாராகவும் இருக்கலாம், மூன்றாவதும்.
நடுவில் இருக்கிறதே, அது மட்டும்தான் உடு.
முப்பத்தேழு பேர்.

பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி என்றால்
இங்கே இருக்கிற எவருக்கும் முதலில் என்ன தோன்றும் என்று
நான் எழுதத் தேவையில்லை.
எனக்கும் அதுதான் தோன்றியது.
மேலிருந்து கீழ் ஒருதரம் வாசித்தேன், சத்தமில்லாமல்.
பத்தரைக்குத் திருநாமத்துக்கு எடுத்தேன்.
நித்திரைக் குரல்.

"அதுவோ பிள்ளை, அண்டைக்கு வெள்ளம்.
பாலம் தாண்டேலாது.
அந்த வீடுகளுக்கு நான் போகேல்லை.
போனமாதிரி எழுதினனான்."

ஏசத்தான் வாயைத் திறந்தேன்.
சிரிப்பு வந்துவிட்டது, பிறகு நிற்கவில்லை,
அந்தாள் பயந்து வைத்துவிட்டார்.

ஜெனரேற்றர் இருமத் தொடங்கியது.
முப்பத்தேழையும் ஒரு தனிக் கோப்புறைக்குள் போட்டேன்.
போகாத வீடுகள் என்று பெயர்.
நடுவில் இடைவெளி இருக்கிறது, தெரியும்.
மேற்கோள் போட்டிருக்கிறேன்.
காலையில் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடிக்கவேண்டும்.