முதல் புகாரின்போது ஓடியிருந்த மைல்

காலை எட்டரை. இஷ்பெமிங் ஷோரூமின் பின்முற்றத்தில்
பனி வாரும் வண்டி ஒதுக்கிய குவியலை ஒட்டிக்
காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்
மார்லிஸ் ரவுத்தியோ.
கண்ணாடியைத் தட்டி, கம்பெனி அனுப்பிய ஆள், என்றேன்.
பார்க்கவா, வாங்கவா, என்று கேட்டாள்.
இரண்டுக்கும்தான்.

கீறல்களைப் படமெடுப்பேன்.
டயர் பள்ளத்தில் ஒரு நாணயத்தை நட்டுப் பார்ப்பேன்.
கால்மிதி நான்கு, சாவி இரண்டு, சார்ஜர் ஒயர் ஒன்று:
கொடுத்த சீரைத் திருப்பி வாங்குகிறவர்கள்
எண்ணுவதுபோல எண்ணுவேன்.
இருபது நிமிஷம். அதற்குமேல் கம்பெனி காசு தராது.

படிவத்தில் ஏழாவது கட்டம்:
முதல் புகாரின்போது ஓடியிருந்த மைல்.
அதுவரை ஓடியதற்குத்தான் பிடித்தம்.
பிறகு ஓடியது ஓடியதாகாது.

பதினோராயிரத்து இருநூற்றுப் பதினான்கு, என்றாள்,
காகிதம் பார்க்காமல்.
பெற்ற பிள்ளை பிறந்த நேரத்தைக்கூட
யாரும் இவ்வளவு நறுக்காகச் சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு ஓட்டிய இருபத்தாறாயிரம்?
அது கணக்கில் வராது. உங்களுக்கு லாபம்தான்.
சிரித்தாள் என்று நினைக்கிறேன்.
மூச்சுப்புகை மறைத்துவிட்டது.

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவள் தொழில்.
ஏரிக்கரை நெடுக, ஊருக்கு ஒன்றாய்,
சர்ச்சில், பள்ளிக்கூடத்தில், யாரும் வாசிக்காத கூடங்களில்.
முந்நூறு மைல் போகும் என்று வாங்கியது
நூற்று நாற்பதாகி, தொண்ணூறாகி
இன்று காலை அறுபத்தொன்றில் நின்றது.
பிளக் இருக்கும் சர்ச்சுகளை மட்டும் ஒப்புக்கொண்டாளாம்.
ஜன்னல் வழியே ஒயரை விட்டு
கார் நிறையும்வரை
முடித்த பியானோவை முதலிலிருந்து மறுபடி முடித்தாளாம்.
இந்தப் பக்கத்து லூத்தரன்கள்
இவ்வளவு சுத்தமான சுருதியில்
அதற்கு முன் பாடியிருக்க மாட்டார்கள், என்றாள்.

நடுவில் ஒரு கடிதம்:
வீட்டிலிருந்து ஐம்பதடி தள்ளி நிறுத்தவும்.
அந்தக் குளிர்காலம் பூராவும்
ராத்திரி இரண்டுக்கும் நாலுக்கும் எழுந்து
ஜன்னலில் பார்த்தாளாம், எரிகிறதா என்று.
எரியவில்லை.
பனி மூடிக்கொண்டு சும்மா நின்றது.

இதை உடைத்துப் போடுவீர்களா?
இல்லை. புது பேட்டரி வைத்து வேறு மாநிலத்தில் விற்பார்கள்.
கம்பெனிக்குத் திரும்பிய வண்டி என்று
பத்திரத்தில் முத்திரை இருக்கும்.
கொஞ்சம் பொறுத்து, இருக்க வேண்டும், என்றேன்.

கடைசியாகத் திரையில் நினைவை அழிக்க வேண்டும்.
வழக்கமாக நானே செய்துவிடுவேன்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
அவளே அழுத்தினாள்.
நிச்சயமாகவா, என்று கேட்டது கார்.
இன்னொரு தரமும் கேட்டது.
வீடு என்றிருந்த இடத்தில்
வீட்டைச் சேர்க்கவும் என்று வந்தது.

காசோலையை வாங்கி மடித்து
சுருதிக்கவை வைத்திருந்த பையிலேயே வைத்தாள்.
ஒரு தொகையும் விடுபடவில்லை.
வரி, பதிவுக் கட்டணம், இழுவை வண்டிக்குக் கொடுத்தது,
எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள்.
இங்கிருந்து எப்படித் திரும்பிப் போவாள் என்பது மட்டும்
எந்தக் கட்டத்திலும் இல்லை.
அவளும் யோசித்திருக்கவில்லை.
பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு டிகிரி.
பஸ் மத்தியானம்தான்.

ஏறுங்கள், என்றேன். ஏற்றக் கூடாது என்று விதி.

பதினாறு வருஷப் பழைய பிக்கப்.
இரண்டு பக்கமும் பைன் மரங்கள், நடுவில் உப்புத் தூவிய சாலை.
நாலு மைல் பேசாமல் வந்தாள்.
பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்,
கையை மட்டும் நீட்டி
ஹீட்டரை அணைத்தாள்.

இது பெட்ரோல் வண்டி, என்றேன்.
தெரியும், என்றாள். ஐயோ, தெரியும்.
கை அந்தத் திருகின்மேலேயே இருந்தது.

அவள் வீட்டுக்கு இன்னும் பதினேழு மைல்.
நானும் திரும்பப் போடவில்லை.