இரண்டு பத்து

மண்டபத்தில் எங்கள் கட்டடத்துக்கு நான்கு மாடி, லிஃப்ட் இல்லை.
கட்டி ஆறு வருடம்தான். அதற்குள் உப்புக்காற்று
பால்கனித் தூணைப் பிளந்து கம்பியைத் தின்னத் தொடங்கிவிட்டது.
மொட்டைமாடித் தொட்டி என்றைக்கு விழும் என்று
சங்கக் கூட்டத்தில் மூன்று முறை கேட்டேன்.
மூன்று முறையும் டீ வந்தது.

எதிர்வீட்டு வில்லாயுதம் யாரையும் பேர்சொல்லி அழைப்பதில்லை.
நான் எஃப்-டூ.
"எஃப்-டூ, உங்க வண்டி கோட்டுக்கு வெளிய நிக்குது."
"எஃப்-டூ, நேத்து மீன் கழுவுன தண்ணி கீழ சொட்டுச்சு."
"எஃப்-டூ, கேட்டு ஒம்பதரைக்கு. நீங்க ஒம்பதே முக்காலுக்கு வர்றீங்க."
ராமநாதபுரத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை எனக்கு;
என் பஸ் அவருடைய கேட்டைக் கேட்டுக்கொண்டு புறப்படுவதில்லை.

மாசியில் ஒரு கேமரா வாங்கி மாட்டினார்,
தன் நிலைக்கு மேலே, என் கதவைப் பார்க்க.
"பாதுகாப்புக்குத்தான்."
யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். சாவியைத்தான் எடுத்தேன்.
அன்றிலிருந்து என் வாசலில் நான் வேறு மாதிரி நிற்கிறேன்.
குனியாமல் செருப்பைக் கழற்றுகிறேன்.
சிலிண்டர் போடும் பையனுக்கு
வெளியே நின்றே காசு எண்ணிக் கொடுக்கிறேன்,
சில்லறை தெரியும்படி.

பிறகு ஆடி. கச்சான் இரைகிற மாதம்.
இரவெல்லாம் ஜன்னல்கள் பேசும்.
ஆனால் காற்று கைப்பிடியைத் திருகாது.
மெதுவாகக் கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை.
செல்போனில் மணி இரண்டு பத்து.
அரிசி டிரம்மை உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு
விடியும்வரை அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.
"பூனையா இருக்கும்" என்றான் வாட்ச்மேன்.
கை முளைத்த பூனை.

மூன்றாம் நாள் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு
அந்தக் கேமராவிடமே போனேன்.
அவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.
சந்தனமாரி அக்கா, கணவாய் மை ஏறிக் கறுத்த விரலால்
போனில் இரவைப் பின்னுக்குத் தள்ளினார்.
ஒன்று ஐம்பது: வெறும் நடை.
இரண்டு: ஒரு பல்லி.
இரண்டு பத்து: லுங்கி, வெற்று முதுகு, டார்ச்.
எஃப்-ஒன் கைப்பிடி.
எஃப்-டூ கைப்பிடி.
எஃப்-த்ரீ. பிறகு மாடிப்படி.

அக்கா படத்தை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.
"பாம்பன் பாலத்துல கீமேனு, முப்பத்தொரு வருசம்.
ஒவ்வொரு சாவியாத் தட்டிப் பாத்துக்கிட்டே நடக்கணும்.
ஒண்ணு லூசா இருந்தா ரயிலு கடல்ல.
ரிட்டயர் ஆகியும் காலு எந்திரிச்சுப் போயிருது.
நாலு மாடியும் பாத்தாத்தான் தூக்கம்."
அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து,
"பூட்டலேன்னா என்ன செய்வாருன்னு
நா கேட்டதில்ல."

ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் கேட்டேன்.
"இரும்பு வேணாம்மா, இங்க ஒரு மழை தாங்காது" என்று
பித்தளையை எடுத்து வைத்தார் கடைக்காரர்.
இருநூற்று எண்பது. திருகாணி தனி.

மாலையில் படியிலேயே மறித்துச் சொன்னேன்:
"ஐயா, என் கதவத் தொடாதீங்க."
அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
எதையோ கீழே போட்டுவிட்டவர் போலத் தன் கையைப் பார்த்தார்.
"பூட்டாம விட்டுட்டீங்கன்னா?"
"விட்டா விட்டதுதான். என் கதவு."
"சரி, எஃப்-டூ."

அன்றிரவு விழித்தே கிடந்தேன்.
எஃப்-ஒன் கைப்பிடி சொடுக்கியது.
செருப்பு என் வாசலுக்கு வந்து நின்றது.
இந்தப் பக்கம் நான், புதுப் பித்தளையில் கை வைத்து.
அந்தப் பக்கம் ஒரு டார்ச், என் கதவடியில் மஞ்சளாக.
கடல் மட்டும் இரைந்தது. எவ்வளவு நேரம், தெரியாது.
வெளிச்சம் நகர்ந்தது.
எஃப்-த்ரீ.
மாடிப்படி.

ஒரு முறை கைப்பிடியைத் திருகிப் பார்த்தேன்,
உள்ளேயிருந்து.