ஏழாம் கேள்வி

அபர்டேர் நூலகத்தின் மாடியறை.
மின்தூக்கி பழுது என்று எழுதிய தாள்
மூன்றாம் மாதமாக அதே பசையில்.
ஐந்து பேர், ஒரு தட்டு பிஸ்கட்,
வெளியே மலையை மறைத்துக்கொண்டு மழை.
குறிப்பெடுப்பது என் வேலை:
யார் வந்தார், யார் என்ன சொன்னார்,
பேருந்துக் கட்டணம் யாருக்கு எவ்வளவு.

கார்டிஃபிலிருந்து வந்த ஆய்வாளர் நெஸ்டா
கேள்வித்தாளை ஆளுக்கொன்றாய் நகர்த்தினாள்.
வீட்டில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் போகப்போவது.
ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் வெல்ஷ்.
"பொதுமக்கள் கண்ணுக்கு இது எப்படித் தெரிகிறது?
கூச்சப்படாமல் சொல்லுங்கள்."

க்ளெனிஸ் கூச்சப்படுகிறவள் அல்ல.
முப்பது வருடம் பள்ளிச் சமையலறையில்
அண்டா கிளறிய கை அது.
ஏழாம் கேள்வியில் விரலை ஊன்றினாள்:
'உங்கள் அன்புக்குரியவரின் மரணத்தின் தரத்தைப்
பூஜ்ஜியம் முதல் பத்துவரை மதிப்பிடுக.'

"என் எம்ரிஸ் என்ன, புட்டிங்கா?" என்றாள்.
சிரித்தோம்.
பிறகு சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை ராத்திரி இரண்டரை மணி.
மருந்து வீட்டில்தான் இருந்தது,
ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில், முத்திரை வைத்த பெட்டியில்.
ஊசி போடத்தான் ஆளில்லை.
போனில் வயலின் வாசித்தார்கள்.
வரிசையில் ஆறாவது என்றது ஒரு குரல்.
ரொம்ப நேரம் கழித்து, ஐந்தாவது.
இப்போ எத்தனாவது, என்று கேட்டார் அவர்.
ரெண்டாவது என்றேன்.
நாலேகாலுக்கு நர்ஸ் வந்தாள், நல்ல பெண்,
ஷூவைக் கழற்றிவிட்டு மாடியேறினாள்.
அவளுக்குப் பத்து.
மற்றதற்கு நான் என்ன எண் போட?"

'கேள்வி ஏழு குறித்து உறுப்பினர் ஒருவர்
கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதினேன்.
எழுதியதை அடித்தேன்.
'ரெண்டாவது' என்று மட்டும் எழுதி
கோடிட்டேன்.

ஜன்னலோரம் இட்வல்,
சக்கரம் வைத்த ஆக்சிஜன் உருளையோடு.
படியேற இருபது நிமிடம் ஆகியிருந்தது.
அந்த மேசையில் அவர் ஒருவருக்குத்தான்
இது நடந்துமுடிந்த கதை இல்லை.

"பத்தாம் பக்கம்," என்றார், மூச்சு வாங்கி.
"'தொடர்பிலிருந்து விடுபட்டோர்.' அது யார்?"

நெஸ்டா கோப்பையைச் சுற்றினாள்.
"ஆய்வு முடியும் முன்..."

"செத்தவர்கள்."

"ஆமாம்."

"இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினேன், அம்மா.
தன் நிறுத்தத்தில் இறங்கியவரை
விடுபட்டவர் என்று நான் எழுதினதில்லை.
வெல்ஷ் பக்கத்தில் இது இன்னும் மோசமாக இருக்கிறது.
ஆட்டைத் தொலைத்த மாதிரி."

மாற்றலாம், என்றாள் நெஸ்டா.
ஆனால் ஒரு வார்த்தை மாற்றினாலும்
நெறிமுறைக் குழுவிடம் மறுபடி போகவேண்டும்,
நான்கு மாதம் ஆகும்.
சொல்லி முடித்த பிறகுதான்
யாரிடம் சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது.
காதுவரை சிவந்தாள்.

"நான்கு மாதம்."
கள்ளக்காசா என்று பார்க்கிறவர்போல
இட்வல் அதைத் திருப்பிப் பார்த்தார்.
"போங்கள். போய் வாங்குங்கள்."
கடைசி இஞ்சி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

*

ஐந்து மாதம் ஆயிற்று.
மின்தூக்கி ஓடுகிறது.
பத்தாம் பக்கத்தில் இப்போது
'ஆய்வுக் காலத்தில் இறந்தோர்' என்றிருக்கிறது.
அவ்வளவுதான்; நேரான சொல்.

ஏழாம் கேள்வி:
'இரவில் உதவிக்கு அழைத்தீர்களா?
யார் வந்தார்? எப்போது?
அதுவரை நீங்கள் என்ன செய்தீர்கள்?'
கீழே நான்கு கோடுகள்.

வந்தோர் நான்கு பேர் என்று எழுதிவிட்டு
அடுத்த வரியில் பேனா நிற்கிறது.
கணக்கேட்டில் இட்வலின் இரண்டு பவுண்டு நாற்பது
கேட்கப்படாமல் கிடக்கிறது.
டிரைவருக்கு டிக்கெட்டா, என்று
ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட மறுத்தவர்.

க்ளெனிஸ் கண்ணாடியைத் துடைக்கிறாள்.
"நான்கு கோடு எப்படிப் போதும்?
ஒரு பக்கம் முழுக்க விடுங்கள்."

நெஸ்டா குறித்துக்கொள்கிறாள்.
நானும்.