துண்டில்லாத பேரம்

இரவு ஒன்று நாற்பதுக்கு
கடல்தாண்டிய நாட்டின் தலைவர்
மேடையில் ஓர் எண்ணைச் சொன்னார்.
நாற்பத்திரண்டு சதவீதம்.
பிறகு தண்ணீர் குடித்தார்.

பெருமாநல்லூர் சாலையில் எங்கள் கம்பெனியில்
அயர்ன் டேபிளின் ஆவி அப்போதும் அடங்கவில்லை.
மூன்று வயதுக் குழந்தைக்கான சட்டை,
மார்பில் சிரிக்கும் வாத்து.
பன்னிரண்டாயிரம் பீஸ், பன்னிரண்டாயிரம் வாத்து.
அத்தனையும் சிரித்தபடியே விலை ஏறின.

காங்கேயத்துக்கு அந்தப்பக்கம் கண்ணபுரம் சந்தையில்
விற்கிறவரும் வாங்குகிறவரும்
துண்டுக்கு அடியில் கை கோத்து
விரலைப் பிடித்துத்தான் மாட்டுக்கு விலை பேசுவார்கள்.
ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமா,
அந்த இரண்டு கைகளுக்குத் தெரியும்.
சுற்றி நிற்கிறவருக்குத் துண்டின் அசைவு மட்டும்.
படியாத பேரம் துண்டோடு போகும்.
இருவருக்கும் முகம் மிச்சமிருக்கும்.
அடுத்த வாரம் அதே மாட்டுக்கு அதே ஆள் வரலாம்.

அங்கே எல்லாரும் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை.
பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு
வயதில் இரண்டு குறைத்துச் சொன்ன தரகரை
நானே பார்த்திருக்கிறேன்.
பொய்யும் துண்டுக்குள் அடங்கும் அளவில் இருந்தது.

இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.
விரலை வானத்துக்குக் காட்டினார்.
திங்களன்று கூட்டினார், புதனன்று குறைத்தார்,
வெள்ளியன்று நல்ல நண்பர்கள் என்றார்,
சனிக்கிழமை மறுபடி முதலிலிருந்து.
நம் பக்கத்து அமைச்சர்
பேச்சு நடக்கிறது என்றார்.
நடக்கிற பேச்சுக்குக் கால் எத்தனை என்று
பேக்கிங் பகுதியில் சுலோச்சனா கேட்டாள்.

பையர் எல்ஸ்பெத் அழைத்தாள். ஏழு வருடப் பழக்கம்.
அவள் நாயின் பெயர்கூட எனக்குத் தெரியும்.
பாதியை நீங்கள் சுமக்க வேண்டும் என்றாள்.
குரலில் வருத்தம் இருந்தது,
எண்ணில் இல்லை.

முதலாளி ராக்கியப்பன்
கால்குலேட்டரைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.
"பவர் டேபிள்காரங்ககிட்ட
நீங்களே பேசிருங்க அம்மிணி."

பேசினேன்.
பொங்கியண்ணனிடம் பீஸுக்கு மூன்று ரூபாய் குறை என்றேன்.
இல்லாவிட்டால் அணைப்பாளையத்தில் ஆள் இருக்கிறது என்றேன்.
அணைப்பாளையத்தில் எனக்கு யாரையும் தெரியாது.
அவர் வாயெடுக்குமுன் குறுக்கே பேசினேன்.
நிறுத்தினேன்.
தண்ணீர் குடித்தேன்.
சாயங்காலம் வரைக்கும் டைம் என்றேன்.
கடைசியில், நாம நல்லாப் பழகினவங்கதானே
என்றும் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்," என்றார்.
"நீங்க இப்படிப் பேச மாட்டீங்களே."

ஒன்றேகால் ரூபாய் குறைத்தார்.
அந்த ஒன்றேகாலை அவர்
ஓவர்லாக் தீனபந்துவிடம்
எந்தப் பாஷையில் சொன்னாரோ தெரியாது.
ஞாயிற்றுக்கிழமை தீனபந்து ரயிலேறிவிட்டான்.
பாதிக் கோனில் மஞ்சள் நூல்
இன்னும் மெஷினில் கோத்தபடி நிற்கிறதாம்.

பத்தாம் நாள் தலைவர் மனம் மாறினார்.
தொண்ணூறு நாளைக்குப் பழைய வரியே என்றார்.
எல்ஸ்பெத் மூன்று ஆச்சரியக்குறி போட்டு மெயில் அனுப்பினாள்.
ராக்கியப்பன் அவிநாசிக்குப் போய் வந்து
எல்லாருக்கும் விபூதி கொடுத்தார்.
நான் பொங்கியண்ணனுக்குப் போன் போட்டேன்.
பழைய ரேட்டே போட்டுக்கலாமுங்க என்றேன்.

கொஞ்ச நேரம்
டேபிள்களின் சத்தம் மட்டும் கேட்டது.

பதினோரு வருடம் எங்களுக்குள்
வாய்ச்சொல்தான் பில், வாய்ச்சொல்தான் ரசீது.
தீபாவளி போனஸ் கணக்குகூட
டீக்கடையில் நின்றபடியே முடியும்.

"சரிங்," என்றார்.
"எழுதிக் குடுத்துருங்க.
தேதி போட்டு."