கண் திறக்காத மணி

நேற்று ராத்திரி பெய்த மழை
கரையை ஒரு விரற்கடை அரித்திருக்கிறது.
இதற்காகத்தான் காத்திருந்தேன்.
செருப்பை வேலாமரத்தடியில் விட்டுவிட்டுக்
குந்தியபடியே நகர்கிறேன்,
வெயில் முகத்தில் அடிக்கும்படி.
எதிர்வெயிலில்தான் கல் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

நொய்யலுக்குத் தரம் பிரிக்கத் தெரியாது.
சட்டைப் பொத்தான், சுடிதார்க் கழுத்தில் தைக்கிற பாசி,
மாத்திரை அட்டை, ஆட்டுப் பல்,
உள்ளே கறுத்து வெளியே சிவந்த ஓடு.
சிவப்பாக உருண்டையாக ஐந்து கிடந்தால்
நாலு பிளாஸ்டிக்.
பல்லில் தட்டிப் பார்ப்பேன்.
பிளாஸ்டிக் பேசாது.
கண்ணாடி கிணுங்கும்.
சூதுபவளம் பல்லுக்கே குளிரும்.

பிறகு துளை.
அச்சில் வார்த்ததற்கு இடுப்பைச் சுற்றி ஒரு கோடு.
பழைய கண்ணாடியில் குமிழ்கள் நீண்டு படுத்திருக்கும்,
இழுத்த பாகில் மாட்டிய காற்று.
கல்லுக்கு இரண்டு பக்கமிருந்தும் வழி வெட்டுவார்கள்.
வழிகள் நடுவில் சேரும் இடத்தில்
ஊசி நுனிக்கு ஒரு சின்ன வரப்பு தட்டுப்படும்.

பதினோரு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறேன்,
கண் தானாக ஓடுகிறது.
ஷிஃப்டுக்கு எண்ணூறு பனியன்.
ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது,
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி அந்தப்பக்கம் தள்ளு.
தைத்தது யாரென்று நிமிராதே.
நிமிர்ந்தால் மயிலாத்தாளாக இருக்கும்,
பிள்ளைக்குக் காய்ச்சலென்று
ராத்திரி முழுக்க விழித்துவிட்டு
ஓவர்லாக் மிதிக்கிறவள்.

காங்கேயத்திலிருந்து திருமலைசாமி வருவார், கல் யாவாரம்.
வண்டியை இட்டேரியில் நிறுத்திவிட்டு
என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லுவார்.
"இது ஆகுமுங். இதும் ஆகுமுங்.
இதுல கண்ணே இல்லீங்களே,
கோக்க முடியாத மணிய எவன் வாங்குவான்?
ஆத்துல வீசிப்போடுங்."

வீசவில்லை.
டிபன் பாக்ஸ் மூடியில் கிடக்கிறது, ஒரு வாரமாக.
புளியங்கொட்டை அளவு, நாக்குச் சிவப்பு.
மேலிருந்து ஒரு குழி. கீழிருந்து ஒரு குழி.
ஒன்றையொன்று பார்க்காமல் தாண்டிப் போய்விட்டன,
நடுவே ஒரு நெல் கனம்.

எத்தனை நாள் கடைந்த கையோ.
கடைந்து, ஊதி, வெளிச்சத்துக்குத் தூக்கி,
வெளிச்சம் வரவில்லை.
அப்போது பக்கத்தில்
தள்ளிவைக்கிறவள் ஒருத்தி நின்றிருப்பாள்.
அவளும் நிமிர்ந்திருக்க மாட்டாள்.

துணி அலசுகிற கல்லில் உட்கார்ந்து யோசித்தேன்.
நல்ல மணி எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம்.
யாரோ கழுத்தில் போட்டு வந்து, அறுந்து, விழுந்து.
கெட்டுப்போனதை யார் சுமந்து வருவார்கள்?
அது இங்கேயே செய்து, இங்கேயே கெட்டு,
இங்கேயே கிடப்பது.
எங்கள் கம்பெனியில்கூட அப்படித்தான்.
தேறியது கப்பலேறிவிடும்.
தேறாதது காதர்பேட்டை ரோட்டோரம் குவியும்,
என் மகள் பள்ளிக்கூடப் பாவாடைக்கு உள்ளே
போட்டிருப்பதும் அதில் ஒன்று,
கழுத்தோரம் ஸ்டிக்கர் பசை இன்னும் போகவில்லை.

எங்களையும் ஒருநாள் தோண்டினால்
அம்புக்குறிகளாகக் கிடைப்போம்.

திங்கட்கிழமை டீ பெல் அடித்ததும்
மூடியைத் திறந்து மயிலாத்தாளிடம் நீட்டினேன்.
காசு பெறுமா என்று கேட்பாள் என நினைத்தேன்.
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
இந்தப்பக்கம் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
திருப்பி, அந்தப்பக்கம்.
விரல் நகத்தால் இரண்டு குழியையும் அளந்தாள்.

"அட, சித்தெதான் அம்மிணி தப்பிப்போச்சு,"
என்றாள்,
பக்கத்து மிஷின்காரியிடம் சொல்வதுபோல.